பின்சீட்டில் கட்டி வைத்த ஜாக்கெட்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் பைக் எக்ஸ்பர்ட் எல்லாம் கிடையாது. வாரத்துக்கு அஞ்சு நாள் பொட்டி தட்டிட்டு, ஞாயித்துக்கிழமை விடிகாலையில அறுபது எழுபது கிலோமீட்டர் போய் ஒரு டீ குடிச்சிட்டு திரும்பி வர்ற சாதாரண ஆசாமி. ஒரு ஜாக்கெட் வாங்கி, ஒரு தடவை விழுந்து, அப்புறம் இன்னொரு ஜாக்கெட் வாங்கினவன். நடுவுல நடந்ததுல ஒரு கருத்து உருவாயிருச்சு. அதை எங்கயாவது இறக்கி வைக்கணும்ல? அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கருத்தை இப்பவே சொல்லிடறேன். சென்னையைச் சுத்தி, கடலோரமா, சமவெளியில ஓட்டுற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு 'வாட்டர்ப்ரூஃப் அட்வென்ச்சர் ஜாக்கெட்' தேவையில்லை. காத்து உள்ள வர்ற மெஷ் ஜாக்கெட் ஒண்ணு, மழை வந்தா அதுக்கு மேல மாட்டிக்க தனியா மழைக்கோட்டு ஒண்ணு. இது போதும். "போடா, உனக்கு என்ன தெரியும்"னு கிளம்புறவங்க, கொஞ்சம் பழவேற்காடு வரைக்கும் கூட வந்துட்டுப் போங்க.

நான் முதல்ல வாங்கினது பக்கா அட்வென்ச்சர் ஜாக்கெட். இடுப்புக்குக் கீழ வரைக்கும் நீளம், முன்னாடி நாலு பெரிய பாக்கெட், முதுகுல ஒரு பாக்கெட், உள்ள மழைக்கு ஒரு லைனர், குளிருக்கு ஒரு லைனர். விலை பதினெட்டாயிரம். கடைக்காரர் மூணு லேயரையும் உரிச்சு உரிச்சு காட்டுனப்போ வெங்காயம் ஞாபகம் வந்துச்சு. அப்பவே சுதாரிச்சிருக்கணும். கடையில ஏசி ஓடிட்டு இருந்ததால கண்ணாடி முன்னாடி நின்னப்ப லடாக் போற ஆள் மாதிரியே இருந்தேன். கார்டை நீட்டிட்டேன்.

முதல் பயணம் செப்டம்பர் கடைசியில, பழவேற்காட்டுக்கு. மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியா அறுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த ரூட் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க நடுவுல ஊர்ந்து ஊர்ந்துதான் போகணும். வண்டி ஓடினாதான ஜாக்கெட்டுக்குள்ள காத்து வரும்? நின்னா வேர்வைதான். மீஞ்சூர் தாண்டுறதுக்குள்ள உள்பனியன் பிழியிற அளவுக்கு ஆயிடுச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஓரமா நிறுத்தி, ஜாக்கெட்டைக் கழட்டி, பின்சீட்டுல கயிறு போட்டுக் கட்டிட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு.

பழவேற்காடு ஊர் தாண்டி, பாலத்துல ஏறி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போற ரோடு. கடல் மணல் அங்கங்க ரோட்டு மேல படிஞ்சு கிடக்கும். முப்பதுலதான் போயிட்டு இருந்தேன். ஒரு திருப்பத்துல முன்சக்கரம் மணல்ல வழுக்குச்சு. அவ்வளவுதான். வலது முழங்கையிலருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் போச்சு. ஜாக்கெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்துல வலை சரி பண்ணிட்டு இருந்த ஒரு பெரியவர்தான் முதல்ல ஓடி வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார். ஒரு அக்கா குடத்துத் தண்ணியை ஊத்தி மணலைக் கழுவி விட்டாங்க. எரிச்சல்ல நான் பல்லைக் கடிச்சிட்டு இருக்கும்போது பெரியவர் பின்சீட்டைப் பாத்தார்.

"இது இன்னாத்துக்குப்பா?"

"விழுந்தா அடிபடாம இருக்கறதுக்கு, பெரியவரே."

"அப்ப ஏன் வண்டிக்குப் போட்டு வெச்சிகீற?"

சத்தியமா எங்கிட்ட பதில் இல்லை. இந்தக் கேள்விதான் இந்தப் பதிவே.

அதோட விடலை. "மழைக்கும் ஆகும்"னு நான் சமாளிச்சேன். "ஏரியில இருக்கும்போது மழை வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "நனைவோம். நனைஞ்சா காஞ்சிடும்பா. தோலு போனா?"ன்னு என் கையைக் காட்டினார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

அந்த ஊர்ல நனையறதைப் பத்திப் பேச நமக்குத் தகுதி கம்மி. பழவேற்காடு ஏரி ஒடிசாவோட சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு முனை நம்ம பக்கம். இங்க இருளர் பெண்கள் தண்ணிக்குள்ள இறங்கி, அடிச்சேத்தைக் கையால தடவித் தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்ச இறாலைப் போடுற ஓலைப்பறியை வாயில கடிச்சுக்குவாங்க. மணிக்கணக்கா தண்ணியில கிடக்கிற வேலை. அவங்க நனையறது பெருமைக்கு இல்லை, வேற வழியில்லாம. நான் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினது நனையாம டீ குடிச்சிட்டு வர்றதுக்கு. அந்த வித்தியாசம் மண்டையில உறைச்சிட்டே இருந்துச்சு.

அதே தண்ணியில நடந்த இன்னொரு விஷயமும் ஞாபகம் வந்துச்சு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு, பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. அவங்க யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கலைன்னு அப்ப செய்திகள்ல படிச்சது. லைஃப் ஜாக்கெட்டும் ரைடிங் ஜாக்கெட்டும் வேற வேறதான், ஆனா கணக்கு ஒண்ணுதான். உடம்புல இருந்தாதான் அதுக்குப் பேரு ஜாக்கெட். இல்லைன்னா அது லக்கேஜ்.

அதனால ஜாக்கெட் வாங்கும்போது கேக்க வேண்டிய முதல் கேள்வி "தண்ணி உள்ள போகுமா?" இல்லை. "மே மாசம் மீஞ்சூர் டிராஃபிக்ல இதைக் கழட்டாம உக்காந்திருப்பேனா?"

சரி, இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா போவோம். தூக்கம் வர்றவங்க ரெண்டு பாரா தாண்டிக்கலாம் :-)

அட்வென்ச்சர் ஜாக்கெட்டுல தண்ணியைத் தடுக்கிற படலத்தை வைக்கிறதுல மூணு வகை இருக்கு. ஒண்ணு, வெளித்துணியோடயே படலத்தை ஒட்டிடறது. லேமினேட்னு சொல்வாங்க. தண்ணி வெளியிலயே வழிஞ்சு போயிடும், துணி கனக்காது, சீக்கிரம் காயும். விலைதான் தலையைச் சுத்தும். ரெண்டு, படலம் துணிக்கும் உள்பக்க லைனிங்குக்கும் நடுவுல தொங்கும், கழட்ட முடியாது. மூணு, ஜிப் வெச்சு கழட்டி மாட்டுற மழை லைனர். நம்ம பட்ஜெட்டுல கிடைக்கறதுல அதிகம் இந்த மூணாவது வகைதான். என்னோடதும் அதுதான்.

இந்த மூணாவது வகையில ஒரு கூத்து இருக்கு. மழைத் தடுப்பு உள்ள இருக்கு, மழை வெளிய பெய்யுது. அதனால வெளித்துணி முழுசா தண்ணி குடிச்சு, ஜாக்கெட் ரெண்டு மடங்கு கனத்துடும். நீங்க நனைய மாட்டீங்க, ஆனா ஈரச்சாக்கைப் போத்திக்கிட்டு ஓட்டுற மாதிரி இருக்கும். காத்து அடிக்க அடிக்க அந்த ஈரம் ஆவியாகி உடம்பு சூட்டை உறிஞ்சும். வெளிப் பாக்கெட்டுல இருக்கிற பர்ஸும் ஆர்சி புக்கும் கோவிந்தா. இதுல பெரிய காமெடி என்னன்னா, லைனரை மாட்டணும்னா கொட்டுற மழையில ஜாக்கெட்டைக் கழட்டணும்! மாட்டி முடிக்கறதுக்குள்ள நனைய வேண்டியதெல்லாம் நனைஞ்சிருக்கும்.

"அப்ப படலம் நிரந்தரமா இருக்கிறதை வாங்கிடலாமே, அதான் மூச்சு விடுமே?"ன்னு கேப்பீங்க. மூச்சு விடும். ஆனா எங்க விடும்ங்கிறதுதான் மேட்டர். கோர்டெக்ஸ் மாதிரி படலத்துல இருக்கிற துளைங்க தண்ணித்துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்னது, நீராவி போற அளவுக்குப் பெருசு. நீராவி தானா வெளிய போகாது. உள்ள இருக்கிற ஆவி அழுத்தம் வெளிய இருக்கிறதைவிட அதிகமா இருக்கணும். அந்த வித்தியாசம்தான் தள்ளுற கை.

காலேஜ்ல படிச்சது வீணாகக் கூடாதுன்னு ஒரு கணக்குப் போட்டேன். வேர்த்திருக்கிற தோல் 35 டிகிரின்னு வெச்சுக்கங்க. அங்க ஆவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். ஐரோப்பாவுல 10 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம்னா வெளிய இருக்கிறது 0.9 கிட்ட. வித்தியாசம் 4.7. பழவேற்காட்டுல 32 டிகிரி, 80 சதவீதம்னா வெளியவே 3.8 இருக்கு. வித்தியாசம் 1.8 தான். அதாவது அதே படலம், அதே விலை, ஆனா வேர்வையை வெளிய தள்ளுற சக்தி அங்க இருக்கிறதுல பாதிகூட இல்லை. அவங்க குறை சொல்ற அளவுக்கு மட்டமான பொருள் செய்யலை. நம்ம ஊருக்கு செய்யலை, அவ்வளவுதான்.

இந்த ஜாக்கெட் மோகம் எங்கிருந்து வந்துச்சுன்னும் யோசிச்சுப் பாத்தேன். 2004-ல இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் பிஎம்டபிள்யூ வண்டியில லண்டன்லருந்து நியூயார்க்குக்கு, சைபீரியா வழியா, போனாங்க. அதை டிவி தொடராப் பாத்து மயங்கினவங்க உலகம் பூரா இருக்காங்க. இங்க 2016-ல ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்ததுக்கு அப்புறம் நம்ம பசங்களுக்கும் அந்த ஆசை தொத்திக்கிச்சு. ஹிமாலயனைச் செய்யற கம்பெனி நம்ம திருவொற்றியூர்ல ஆரம்பிச்சதுதான். திருவொற்றியூர்ல எங்கய்யா ஹிமாலயா? :-) வண்டி ஹிமாலயனா இருக்கலாம், தப்பில்லை. சட்டையையும் ஹிமாலயத்துக்கே தச்சுப் போட்டுக்கிட்டு எண்ணூர்ல சுத்தணுமாங்கிறதுதான் என் கேள்வி.

நம்ம மழையையும் பாருங்க. சென்னைப் பக்கம் வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபர்லருந்து டிசம்பருக்குள்ள வடகிழக்குப் பருவமழையில கொட்டிடும். மிச்ச மாசம் எல்லாம் வெய்யில், புழுக்கம், நடுவுல ஏதோ ஒரு சாயங்கால இடி மழை. ரெண்டு மூணு மாசத்து மழைக்காக வருஷம் பூரா ரெயின்கோட்டுக்குள்ள வேகறது நியாயமா? 2015 டிசம்பர் மாதிரி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மாதிரி மழை வந்தா எந்த ஜாக்கெட்டும் வேலைக்கு ஆகாது. அன்னைக்கு வண்டியை எடுக்காம வீட்டுல பஜ்ஜி சாப்பிடறதுதான் பாதுகாப்பு.

சரி, அப்ப என்னதான் வாங்கறது? நான் ரெண்டாவது தடவை கடைக்குப் போனப்ப பாத்ததைச் சொல்றேன்.

முதல்ல உள்பக்க லேபிள். "சி.ஈ. ஆர்மர் இருக்கு சார்"னு கடையில சொல்வாங்க. அதுக்கு அர்த்தம் தோள்லயும் முழங்கையிலயும் இருக்கிற காப்புப் பட்டைக்கு மட்டும் சான்றிதழ் இருக்குன்னுதான். ஜாக்கெட் துணி ரோட்டுல தேய்ஞ்சா தாங்குமா, தையல் பிரியுமாங்கிறதுக்கு ஈ.என். 17092-ன்னு தனியா ஐரோப்பியத் தரம் இருக்கு, 2020-ல வந்தது. அதுல ஏ, டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏன்னு படி. ட்ரிப்பிள் ஏதான் உச்சம், ஆனா கனமும் சூடும் அதிகம். டபுள் ஏ கிடைச்சா நல்லது. நம்ம வெய்யிலுக்கு ஏ வகை மெஷ்ஷும் ஓகே. லேபிள்ல எதுவுமே போடலைன்னா, அது ஜாக்கெட் மாதிரி இருக்கிற சட்டை.

அடுத்தது அந்தக் காப்புப் பட்டை. லெவல் 1, லெவல் 2ன்னு ரெண்டு உண்டு. தோள், முழங்கைக்கு ஒரே அடியைக் குடுத்துப் பாத்தா லெவல் 1 சராசரியா 35 கிலோநியூட்டன் வரைக்கும் உள்ள விடலாம், லெவல் 2ன்னா 20 தான் விடலாம். முதுகுக்கு 18, 9. அதாவது பாதி. முதுகுப் பட்டையைக் கண்டிப்பா வெளிய எடுத்துப் பாருங்க. நிறைய ஜாக்கெட்டுல அந்த இடத்துல வெறும் ஃபோம் துண்டைச் சொருகி வெச்சிருப்பாங்க. மெத்தைக்கு ஆகும், முதுகுக்கு ஆகாது. தனியா லெவல் 2 வாங்கிப் போட்டுக்கங்க.

மூணாவது, அளவு. கண்ணாடி முன்னாடி நின்னு பாக்காதீங்க. வண்டியில உக்காந்து, கையை ஹேண்டில்பார்ல நீட்டிப் பாருங்க. மணிக்கட்டு வெளிய தெரியக் கூடாது. அப்புறம் முழங்கைப் பட்டையைப் பிடிச்சு இழுத்து, திருகிப் பாருங்க. அது இடம் மாறுச்சுன்னா, விழும்போது ரோட்டுல தேயறது உங்க முழங்கைதான், பட்டை இல்லை.

மழைக்கோட்டுக்கு வருவோம். ஜாக்கெட்டுக்கு மேல மாட்டறதால ஒரு சைஸ் பெருசா எடுக்கணும். தையல் மேல உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க, தண்ணி எப்பவும் தையல் ஓட்டை வழியாதான் வரும். கழுத்துலயும் மணிக்கட்டுலயும் இறுக்கற பட்டை இருக்கணும், இல்லைன்னா பாய்மரம்தான். கறுப்பு வேணாம். பளீர்னு மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்க. மழையில லாரிக்காரர் கண்ணுக்கு நாம தெரியணும். ரெண்டுக்கும் சேத்து எனக்குப் பதினாலாயிரம் ஆச்சு. முதல் ஜாக்கெட்டைவிடக் கம்மி.

மாத்துக் கருத்து இல்லாம இல்லை. மழைக்கோட்டை மழை வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தி மாட்டணும், சோம்பேறித்தனம் பட்டா அதோ கதிதான். மெஷ் ஜாக்கெட்டோட நனைஞ்சா, 25 டிகிரியிலகூட அம்பதுல போகும்போது பல்லு கிட்டிக்கும். விரல் மரத்துப் போனா பிரேக் பிடிக்க முடியாது, அதுவும் ஆபத்துதான். ஜூன் ஜூலையில வால்பாறை போறவங்க, ஊட்டியில குடியிருக்கிறவங்க, மேகாலயா, லடாக்னு நெஜமாவே கிளம்பறவங்க, காசு இருந்தா லேமினேட் வாங்குங்க. அவங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை. "என்னைக்காவது லடாக் போவேன்"னு வாங்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. அந்த என்னைக்காவது வரும்போது வாங்கிக்கலாம் பாஸ்.

கடலோரத்துல ஓட்டுறவங்களுக்கு இன்னொண்ணு. உப்புக்காத்து உலோக ஜிப்பைத் தின்னுடும். பிளாஸ்டிக் பல் ஜிப் இருக்கிறதா பாத்து வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல போடுங்க. மழைக்கோட்டுக்கும் படலம் உள்ள ஜாக்கெட்டுக்கும் துணி மிருதுவாக்கற திரவம் எல்லாம் ஊத்தாதீங்க, தண்ணி ஒட்டாத தன்மை போயிடும்.

"இத்தனை பில்டப்பும் ஒரு ஜாக்கெட்டுக்கா?"ன்னு கேக்கலாம். 2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கை சொல்லுது. அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. உயிரைக் காப்பாத்தறதுல முதல் இடம் ஹெல்மெட்டுக்குத்தான், சந்தேகமே இல்லை. அதுக்குச் சட்டமாவது இருக்கு. ஜாக்கெட்டுக்கு அதுவும் இல்லை. போலீஸ் பிடிக்க மாட்டார், ஃபைன் கிடையாது. உடம்புல வெச்சிருக்கணும்னு தோண வைக்கிறது அந்த ஜாக்கெட்டோட வசதி ஒண்ணுதான். அதனாலதான் வசதிங்கிறது சொகுசு இல்லை, பாதுகாப்போட ஒரு பகுதின்னு சொல்றேன்.

நவம்பர்ல மறுபடி பழவேற்காடு போனேன். மெஷ் ஜாக்கெட். மீஞ்சூர் டிராஃபிக்ல வேர்த்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கழட்டத் தோணலை. பொன்னேரி தாண்டினதும் வானம் இருட்டிச்சு. ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி, மஞ்சக் கோட்டை மாட்டிக்கிட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அப்புறம் கொட்டுச்சு பாருங்க ஒரு மழை! கழுத்து வழியா கொஞ்சம் தண்ணி இறங்குச்சு. பேன்ட் தொப்பலா நனைஞ்சுது. நனைஞ்சா காஞ்சிடும்.

அதே திருப்பத்துல இருபதுல போனேன். மணல் ஈரமா கிடந்துச்சு. பெரியவர் அதே இடத்துல, ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்திருந்தார். என்னை அடையாளம் தெரிஞ்சுதோ, மஞ்சக் கோட்டைத் தெரிஞ்சுதோ, தலையை நிமித்திப் பாத்தார்.

"இன்னிக்கு நீயே போட்டுக்கினியா?"ன்னார்.

என் கையில இன்னும் அந்தத் தழும்பு இருக்கு. ஜாக்கெட் வாங்கப் போற நண்பர்களுக்கு முதல்ல அதைத்தான் காட்டுறேன், அப்புறம்தான் லேபிளைப் பத்திப் பேசுறேன்.

உங்க ஊர் வெய்யிலுக்கும் மழைக்கும் என்ன போடுறீங்க, எது சரிப்பட்டுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை, முழுக்கை போட்டுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன் :-)